எண்பத்து மூன்று டிகிரிக்காரர்

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். மண்ணூரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யோசிப்பார்கள்; பூத்துக்காரர் என்றால் எங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஒரகடத்தில் காருக்கு பம்பர் செய்து கொடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற மூடிய அறைக்கு அங்கே பூத் என்று பெயர். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை மாட்டி, மாஸ்க் போட்டு, நாலு பக்கமும் காற்றை ஊதித் தூசியைப் போக்குகிற சின்ன அறை ஒன்றைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே ரோபோ பெயின்ட் அடிக்கும். ரோபோவின் கை எட்டாத வளைவுகளுக்கு இவர் பெயின்ட் பீய்ச்சுகிற கன் பிடித்து அடிப்பார். "ரோபோ வுட்டத நான் புடிப்பேன் மாமா" என்று பெண் பார்க்க வந்த அன்றே எங்கப்பாவிடம் சொன்னவர். அதைக் கேட்டு அப்பா மயங்கி என்னைக் கொடுத்துவிட்டார்.

காண்ட்ராக்டில் சேர்ந்து, கொக்கியில் பம்பர் மாட்டி, உப்புத்தாள் தேய்த்து, துணியால் துடைத்து, ஒவ்வொரு படியாக ஏறித்தான் அந்த பூத்துக்குள் போயிருக்கிறார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு வீடு, வண்டி, பிள்ளையின் மார்க்கு என்று பெருமைப்பட ஆயிரம் இருக்கும். இவருக்கு பூத் ஒன்றுதான். அது போனால் ஆள் பாதியாகிவிடுவார். அந்த பூத்துக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

பூத்துக்கு ஓர் எதிரி உண்டு. சிலிகான். தலைக்குத் தடவும் சீரம், கண்டிஷனர், முகத்துக்குப் போடும் கிரீம், கைக்கு லோஷன், வண்டியைப் பளபளக்க வைக்கும் பாலிஷ் என்று எதில் வேண்டுமானாலும் அது இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு பம்பர் மேல் பட்டால் போதும். எண்ணெய் அதிகமான தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் விலகுமே, அப்படிப் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு விலகிக் குழி விழும். அதற்கு க்ரேட்டர் என்று பெயர். க்ரேட்டர் விழுந்த பம்பரைத் தேய்த்து மறுபடியும் முதலிலிருந்து அடிக்கவேண்டும். ஆகவே பூத்தில் வேலை செய்பவர்கள் இது எதையும் தொடக்கூடாது. அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் தொடக்கூடாது என்பது இவராகச் சேர்த்துக்கொண்ட சட்டம்.

கல்யாணமான முதல் வாரம். அத்தைகளும் சித்திகளும் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஷாம்பு, கிரீம், சீரம் எல்லாம் ஒரு கூடை நிறைய இருந்தது. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆவாது. இதுவும் ஆவாது. இத தொட்டாலே போச்சு" என்று தள்ளிவைத்தார். கடைசியில் ஒரு சீயக்காய்ப் பொட்டலமும் ஒரு மஞ்சள் கட்டியும்தான் மிஞ்சின. மற்றதையெல்லாம் பையில் போட்டு, என்னைக் கேட்காமலேயே என் தங்கை பூஜாவிடம் கொடுத்துவிட்டார். அவளும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பூஜாவின் முடியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சொந்தத் தங்கையைப் பார்த்து எரியலாமா என்று கேட்பவர்கள் அந்த முடியைப் பார்த்ததில்லை. தோளில் வழுக்கிக்கொண்டு விழும். என் முடி அவள் முடியைவிட நீளம், அடர்த்தி. ஆனால் சீயக்காய் போட்டுப் போட்டு ஒட்டடைக் குச்சி மாதிரி நிற்கும். எங்கள் மகள் அறிவுமதி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த குழந்தை லோஷனைக்கூட இவர் வீட்டுக்குள் விடவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சாப்பாடு போடுகிற பூத் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தையும் கெடுக்க வந்தது இன்னொருத்தி. அவளை இவர் கார்டு என்பார். இவர் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறவர். படத்தை நொடிக்கு நொடி வரைந்து தள்ளுகிற வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. செங்கல் அளவில் கறுப்பாக இருக்கும், மூன்று விசிறி சுற்றும், பக்கவாட்டில் கலர் கலராக லைட் எரியும். ஓட ஓட அதற்குச் சூடு ஏறும். ரொம்பச் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே படம் திக்கித் திக்கி ஓடும், அந்தச் சமயம் பார்த்து எதிரி இவரைச் சுட்டுவிடுவான். அதனால் திரையின் மூலையில் கார்டின் சூட்டை எண்ணாகப் போட்டு வைத்திருப்பார். அந்த எண்ணைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

கார்டுக்குக் காற்று வேண்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே பெடஸ்டல் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தார். சித்திரை வெயிலில் நான் அடுப்படியில் வியர்த்து ஊற்ற, ஹாலில் கார்டு காற்று வாங்கியது. ஒருமுறை எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். "ஒரு மாத்திர போட்டுகினு படு, சரியாப்பூடும்" என்றார். அதே சாயங்காலம் கார்டு எண்பத்து மூன்றைத் தொட்டபோது, "ஐயோ, எண்பத்திமூணு, எண்பத்திமூணு" என்று பதறிக்கொண்டு எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், பெட்டியைத் தூக்கி முக்காலிமேல் வைத்தார், சுற்றிச் சுற்றி வந்தார். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் இரும்புச் சாமானைப் பார்த்து ஒரு பெண்ணுக்குப் பொறாமை வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இவருக்கு எண்பத்து மூன்று ஏன் அப்படிச் சுட்டது என்றால், என் தங்கை வீட்டுக்காரருடையது அறுபத்தெட்டு.

பூஜாவைக் கட்டியவர் இனியவன். வாலாஜாபாத்தில் வீடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டார். அவரும் அதே விளையாட்டுதான், அதே கார்டுதான். சகலைகள் இருவரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரே அணியில் விளையாடுவார்கள். இவர் செத்துக்கொண்டே இருப்பார், சகலை பிழைத்துக்கொண்டே இருப்பார். மாமனார் வீட்டு விருந்தில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்று பார்க்கிற சகலைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னுடையவர் யார் கார்டு எத்தனை டிகிரி என்று பார்க்கிற சகலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போயிருந்தோம். பூஜா மீன் குழம்பு வைத்திருந்தாள். இவர் சாப்பிட உட்காராமல் நேராக இனியவனின் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் அறுபத்தெட்டு. இவர் குனிந்து பார்த்தார், பெட்டியின் பின்னால் கை வைத்துப் பார்த்தார், ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சகல, ஐஸ் கட்டி எதுனா வெச்சிக்கிறியா?" என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"இல்லண்ணே. நீங்க நொடிக்கு இத்தன படம்தான் வரையணும்னு ஃபிரேமுக்கு ஒரு லிமிட் வெச்சிக்கோங்க. கார்டு கம்முனு ஓடும்" என்றார் இனியவன்.

"நான் எதுக்குக் கம்மி பண்ணணும்?" என்றார் இவர். மீன் குழம்பை ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது ஒரகடம் ரவுண்டானா தாண்டியதும், "அவன் வூடு கெழக்கு பாத்த வூடு, அதான் சூடு கம்மி" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். பூஜா அன்றைக்குத் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மீன் பரிமாறியது என் கண்ணிலேயே நின்றது. ஒரே வண்டியில் இரண்டு வயிறு எரிந்துகொண்டு மண்ணூர் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரமே மொட்டை மாடியில் ஏறி, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்தார். பெயின்ட் வேலையில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாடி பால் ஊற்றியதுபோல் இருந்தது. வீடு உண்மையாகவே குளிர்ந்தது. எதிர் வீட்டு மீனம்மாள் அக்கா, "பொண்டாட்டிக்கு வேர்க்குதுன்னு மாடிக்கே பெயின்ட்டு அடிக்கிறாருமா, எங்கூட்டு ஆளும் கீதே" என்று பொருமினாள். நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பெருமையில் நடந்தேன். மூன்றாம் நாள் இவர் போனில் யாரிடமோ, "மாடிக்கு அடிச்சதுல கார்டு ரெண்டு டிகிரி எறங்கிச்சு" என்று சொல்வது காதில் விழுந்தது.

பிறகுதான் அந்த பேஸ்ட் வந்தது. கார்டுக்குள் சூடாகிற சில்லுக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உலோகத் தகடுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடவியிருப்பார்களாம். அதுதான் சூட்டை வாங்கித் தகட்டுக்குக் கடத்துமாம். நாளானால் காய்ந்துபோகும். புதுசு தடவினால் கார்டு குளிரும். இதை இனியவனே ஒருநாள் ஹெட்செட்டில் சொல்லியிருக்கிறார். "கொண்டாங்கண்ணே, நானே போட்டுத் தரேன்" என்றும் சொல்லியிருக்கிறார். இவர் விடுவாரா? வாராந்திர லீவில் சென்னைக்குப் போய் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் ஒரு டியூப் வாங்கி வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் காய் நறுக்குகிற மேஜையில் பழைய துணி விரித்து, கார்டைப் படுக்கவைத்து, ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றினார். பல் விளக்குகிற பேஸ்ட் மாதிரி பிதுக்கிப் பிதுக்கி, விரலாலேயே இழுத்துவிட்டார். மாட்டி ஓடவிட்டபோது மூலையில் எழுபத்தொன்று. மனிதர் குதித்தார். என் கன்னத்தைக் கிள்ளி, "பாத்தியா லீலா, எழுவத்தொண்ணு" என்றார். கன்னத்தில் சாம்பல் கறை ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். கார்டு குளிர்ந்த புண்ணியத்தில் என் கன்னத்துக்கும் ஒரு கிள்ளு கிடைத்ததே.

மறுநாள் பூத்தில் க்ரேட்டர் விழுந்தது.

லைனை நிறுத்திவிட்டார்கள். இவர் கைபட்ட பம்பர்களில் மட்டும் குழி. இவர் பிடிக்காத பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. சூப்பர்வைசர் பிச்சையா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, கையை முகர்ந்து பார்த்து, லாக்கரைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. "அப்போ வூட்லேர்ந்துதான் வந்திருக்கு. யாரு இன்னா போடுறாங்கன்னு பாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் அலமாரியைத் திறந்து துணியெல்லாம் இறக்கினார். பவுடர் டப்பாவை முகர்ந்தார், பொட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னை விளக்கடியில் நிறுத்தி, தலையைக் குனியச் சொல்லி, முடியை முகர்ந்தார். வாசலில் செக்யூரிட்டி பையைச் சோதிப்பது போல முகர்ந்தார். கட்டியவன் தலையை முகர்ந்தால் ஒரு பெண்ணுக்கு இப்படி அழுகை வரக்கூடாது. எனக்கு வந்தது.

"சனிக்கெழம தங்கச்சி வூட்டுக்குப் போனியே. அவ தலைக்குத் தடவுறத நீயும் தடவிகினியா?"

"சத்தியமா இல்லீங்க. அவ குடுத்தா. நான் தொடல."

"தொடாம எப்டி வரும்? உனக்கு அவ முடி மேல ஒரு கண்ணு. எனக்குத் தெரியாதா?"

அதுதான் என்னை அடித்தது. எனக்குப் பூஜா முடிமேல் ஆசை இருந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷமும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். நான் துணிகளை மடித்து அடுக்கினேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. லைன் சுத்தமாக ஓடியது. தான் அதட்டியதில் நான் திருந்திவிட்டேன் என்று இவர் நம்பினார். ஆனால் எழுபத்தொன்று இவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அறுபத்தெட்டுக்கு மேல் இன்னும் மூன்று இருக்கிறதே. பேஸ்ட் அதிகமாகப் போட்டுவிட்டோம், மெலிசாகப் போட்டிருக்கவேண்டும் என்று யோசித்து யோசித்து, அடுத்து வந்த லீவில் மறுபடியும் கார்டைப் பிரித்தார். இந்தமுறை பூத்தில் பெயின்ட் அடிக்கிற பக்குவத்தோடு, ஒரே சீராக இழைத்தார். ஓடவிட்டதும் அறுபத்தேழு. போட்டோ எடுத்து இனியவனுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டுகிற பொம்மை ஒன்று வந்தது. "வயிறு எரிஞ்சிகினு அனுப்புறான் பாரு" என்று ஆனந்தமாகச் சொன்னார்.

மறுநாள் மறுபடியும் க்ரேட்டர்.

அன்றைக்கு இவர் என்னைச் சோதிக்கவில்லை. வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னொரு தபா ஆச்சுன்னா பூத்த வுட்டு எட்த்துருவேன்னு பிச்சையா சொல்லிட்டாரு."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"அத நீ சொல்லாத. நான் அவராண்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னீங்க?"

"என் வூட்டுக்காரி தலைக்கு சீரம் போடுறா, நான் கண்டிச்சி வெக்கிறேன்னு. வேற இன்னா சொல்றது? அதனாலதான் இந்த தபா வுட்டாரு."

நான் ஒருநாளும் தொடாத சீரத்துக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி முழுக்க எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பூஜா இத்தனை வருஷம் ஆற அமரத் தடவிக்கொண்டிருக்கிறாள், அவளை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு இவருக்கு நான் சோறு போடவில்லை. போட்டுக்கொண்டு சாப்பிடச் சொன்னேன். என் கோபம் அதற்கு மேல் போகத் தெரியாத கோபம்.

ஆனால் மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவையும் லீவுக்கு மறுநாள். இரண்டு தடவையும் முந்தின நாள் இவர் அந்தக் கார்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார். எல்லாக் கெடுதலும் அந்தக் கார்டு வழியாகத்தான் வரும் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு எண்ணம் உண்டு. காலையில் இவர் பஸ் ஏறியதும் இனியவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்தக் கார்டுக்குத் தடவுறீங்களே, சாம்பல் கலர்ல, அது இன்னாது?"

"தெர்மல் பேஸ்ட்டுக்கா."

"அது எதுல பண்றது?"

"சிலிகான்லதான்க்கா, பெரும்பாலும். அந்த எண்ணெயில பவுடர கலந்து பண்றதுதான். ஏன்க்கா, அண்ணன் கையில போட்டுகினாரா? சோப்பு போட்டா சீக்கிரம் போவாது அது."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். தனியாக, அடுப்படியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். குழந்தை லோஷனை வாசலிலேயே மடக்கிய மனிதர், ஒரு டியூப் சிலிகானை நான் காய் நறுக்குகிற மேஜையில் வைத்துப் பத்து விரலிலும் பூசிக்கொண்டிருக்கிறார். டியூபைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்றுகூட இவருக்குத் தோன்றவில்லை. சிலிகான் என்றால் இவர் மனசில் அது பொம்பளைச் சாமான். ஆம்பளை வாங்குகிற பொருளில் அது எப்படி இருக்கும்?

சாயங்காலம் வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "அவன் சொன்னானா? அவனுக்கு என் அறுவத்தேழு பொறுக்கல" என்றார். டியூபை எடுத்துக் கையில் கொடுத்தேன். சின்ன எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, டியூபையும் பழைய துணியையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார், தோல் உரிகிற வரை தேய்த்தார்.

"லீலா, இத யாராண்டயும் சொல்லாத. நானே கொண்டாந்தேன்னு தெரிஞ்சா பூத்து போச்சு."

"அப்போ என் பேரு?"

"உன்ன யாரு அங்க வந்து பாக்கப் போறாங்க?"

அவ்வளவுதான் பதில். பூத்துக்கு முன்னால் என் பேர் ஒரு பேரா? கம்பெனி கேட்டில் போய் நின்று உண்மையைச் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை. கார்டைப் பார்த்து எரிந்தேன், பூஜாவைப் பார்த்து எரிந்தேன், இப்போது பூத்தைப் பார்த்தும் எரிந்தேன். எல்லோரையும்விட இவர் அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. சமைத்தேன், துவைத்தேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். க்ரேட்டர் அதற்கப்புறம் விழவில்லை. இவர் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார்.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், நனைந்துகொண்டே வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் பூத்துக்குள் மட்டும் போடுகிற வெள்ளை ஷூ இருந்தது. அது கம்பெனி லாக்கரைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னாங்க இது?"

"பூத்த வுட்டு எட்த்துட்டாங்க. நாளைலேர்ந்து பேக்கிங்."

"மறுபடியும் வுழுந்துச்சா?"

"ஒண்ணும் வுழல. நான்தான் சொல்லிட்டேன். கேன்டீன்ல, எல்லாரும் உக்காந்திருக்கசொல்லோ சொன்னேன். என் பொண்டாட்டி ஒண்ணும் தடவல, நான்தான் கம்ப்யூட்டருக்குத் தடவிட்டு வந்தேன்னு கத்திட்டேன். பிச்சையா கேட்டுகினே இருந்தாரு. அவர் இன்னா செய்வாரு, மேல சொல்லித்தான ஆவணும்."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தபடியே, "ஏங்க சொன்னீங்க? நான்தான் யாராண்டயும் சொல்லலியே" என்றேன். உள்ளுக்குள் ஒரு பதிலை எதிர்பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். செய்யாத தப்புக்கு உன் பேர் கெட்டது எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார் என நினைத்தேன்.

இவர் தலையைத் துவட்டவில்லை. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்த நம்பிராஜன் இல்ல?"

நம்பிராஜன் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். பூத்தில் இவருக்கு எதிர்ப்பக்கம் கன் பிடிப்பவர். நல்லவர், கிண்டல் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று இவரே சொல்லியிருக்கிறார்.

"அவன் இன்னா பண்ணான்?"

"ஒரு மாசமா ஓட்டிகினே கீறான். அண்ணி இன்னிக்கு தலைக்கு இன்னா போட்டாங்கன்னு. நான் வுட்டுட்டேன். இன்னிக்கு சோறு துன்னசொல்லோ, எல்லார் முன்னாடியும், 'அண்ணாச்சி, ஒரு பெயின்ட்டையே விலக வைக்குத முடின்னா சும்மாவா, அண்ணிய ஒருநாள் கண்ணால பாக்கணும்லா'ன்றான். எல்லாரும் சிரிக்கிறானுங்க. அவன் யாரு உன் முடிய பத்திப் பேச? அவன் எதுக்குப் பாக்கணும்?"

அதாவது, என் பேர் கெட்டது இவரைச் சுடவில்லை. அது ஒரு மாதமாகக் கெட்டுத்தான் கிடந்தது. இன்னொருத்தன் என் முடியை நினைத்துப் பார்த்ததுதான் சுட்டிருக்கிறது. அதற்குத்தான் பூத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நியாயம் பேசுகிற மனுஷியாக இருந்தால் நான் அந்த இடத்திலேயே இவரைப் பிடிபிடி என்று பிடித்திருக்கவேண்டும். பிடிக்க முடியவில்லை. எனக்குக் கழுத்துவரை வெட்கம் ஏறி, சிரிப்பு வந்து, அதை மறைக்கத் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

"இன்னா சொன்னான்? இன்னொரு தபா சொல்லுங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மா சொல்லுங்க."

சொன்னார். நம்பிராஜன் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னார். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது, கையிலிருந்த துண்டு கயிறாகிவிட்டது. வாலாஜாபாத்தில் அறுபத்தெட்டைப் பார்த்தபோதுகூட அந்த முகம் அப்படிக் கொதித்ததில்லை. பூத் போனதற்கு நான் அழுதேன், பொய் சொல்லவில்லை, மறுநாள் இவர் பேக்கிங் வேலைக்குப் பஸ் ஏறிய பிறகு உட்கார்ந்து அழுதேன். ஆனால் அந்தச் சாயங்காலம் இவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாக்கணும்னு மட்டும்தான் சொன்னானா? வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுக் கேட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லவைத்து, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.